வேலைவாய்ப்பு அதிகாரிகளே, எங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்மிடிப்பூண்டியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பயோடேட்டா டைப்பிங் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை நடத்துகிறேன். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலைவாய்ப்பு முகாம் செய்திகள் அடிக்கடி வருகின்றன, முகாம் முடிந்த மறுநாள் பணி ஆணை வழங்கும் படமும் வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஓடுகிற ஒன்றை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐகளில் பிளேஸ்மென்ட் பொறுப்பைச் சுமக்கிற ஆசிரியர்களுக்கும்தான் இந்தக் கடிதம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் அவற்றை நோட்டீஸ் போர்டு மாதிரி பூட்டி வைத்திருக்கிறீர்கள். வேலை தேடுகிற பிள்ளை வந்து கேள்வி கேட்கவும், கைக்கு வந்த தகவல் நிஜமா பொய்யா என்று சரிபார்க்கவும் ஒரு இடம் வேண்டும், அந்த இடமாக உங்கள் பக்கம் மாற வேண்டும். இன்றைக்கு அந்த இடம் காலியாகக் கிடப்பதால்தான் ஏஜென்ட்டும் மோசடிக்காரனும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து நிலவரம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, தேசிய நெடுஞ்சாலை 16இல் எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா, அங்கிருந்து உள்ளே போனால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். மெட்ரோ ரயில் பெட்டி செய்கிற அல்ஸ்டாம், இசுசு, டைகின், கேட்பரி சாக்லேட் தயாரிக்கிற மாண்டலீஸ் என்று பெரிய பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. ஸ்ரீசிட்டி இருக்கிற சத்தியவேடு பகுதி ஒரு காலத்தில் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது, 1960 ஏப்ரலில் எல்லையை மாற்றி அமைத்தபோது திருத்தணி நமக்கு வந்தது, அது ஆந்திராவுக்குப் போனது. கோடு மாறினாலும் உறவுகள் மாறவில்லை, எங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு தமிழில் படித்த பிள்ளைகள் ஏராளம். சூலூர்பேட்டை லோக்கல் ரயிலில் ஏறினால் ஆரம்பாக்கம், அடுத்தது தடா, அவ்வளவு பக்கம். ஆனால் அந்தப் பக்கம் எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் இந்தப் பக்கத்துக்கு எந்த அலுவலகத்தின் வழியாகவும் ஒழுங்காக வருவதில்லை. நம் அலுவலகம் நம் மாவட்டத்தோடு நிற்கிறது, அவர்கள் அலுவலகம் திருப்பதி மாவட்டத்துக்கானது. நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தகவல் கொடுப்பது ஃபார்வர்ட் மெசேஜ் மட்டும்தான்.

அந்த ஃபார்வர்ட் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். மாதர்பாக்கம் பக்கத்துப் பையன், ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன், ஒரு திங்கட்கிழமை காலையில் பயோடேட்டா இன்னும் நாலு காப்பி வேண்டும் என்று கடைக்கு வந்தான். முந்தின நாள் நேர்முகத் தேர்வு என்று நம்பித் தடா வரைக்கும் போயிருக்கிறான், கேட்டில் இருந்த செக்யூரிட்டி "தம்பி, இது போன வருஷம் முடிஞ்சது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். போனை வாங்கிப் பார்த்தேன். திரை ஒரு மூலையில் உடைந்திருந்தது, இரண்டு விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து கலங்கித்தான் தெரிந்தது, பல கைகள் மாறி வந்த படம், கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. "ஞாயிறு காலை 9 மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்" என்று இருந்தது. தேதி இருந்தது, மாதம் இருந்தது, வருடம் இல்லை. அந்தத் தேதி இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள் தள்ளி வந்திருக்கிறது, அவன் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டான். படத்தின் மேலே ஒரு அலுவலகத்தின் முத்திரை இருந்தது, போலி இல்லை, போட்ட காலத்தில் உண்மையான அறிவிப்புதான். போட்டவர்கள் போட்டதோடு விட்டுவிட்டார்கள், முகாம் முடிந்தது என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதவில்லை.

இதற்குப் பெரிய செலவா ஆகும்? எந்த வேலை அறிவிப்பிலும் நாள், மாதம், வருடம் மூன்றும் பெரிய எழுத்தில் வேண்டும், "இந்தத் தேதிக்குப் பிறகு இது செல்லாது" என்று படத்துக்குள்ளேயே ஒரு வரி வேண்டும், ஆள் எடுத்து முடிந்ததும் பழைய பதிவைத் திருத்தி "முடிந்தது" என்று போட வேண்டும். அப்புறம் இன்னொன்று, எல்லா விவரத்தையும் படமாக மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கிற போன் நம்பரை எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண போனில் தொட்டால் அழைப்பு போகாது, அதை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு திரும்ப அடிக்க வேண்டும். படத்தில் இருப்பதைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. பார்வை இல்லாத பிள்ளைகளின் போன் எழுத்தைப் படித்துக் காட்டும், படத்தை அப்படிப் படித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. படம் கண்ணை இழுக்கட்டும், அதன் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சரி, அந்த எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? கடைக்கு வருகிற பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளையே சொல்கிறேன். கையில் எவ்வளவு வரும் என்பதுதான் முதல் கேள்வி. போஸ்டரில் மாதம் 18,000 என்று இருக்கும், அது நிறுவனம் கட்டுகிற பி.எஃப். பங்கையும் சேர்த்துச் சொன்ன கணக்கா, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளமா என்று எங்கேயும் இருக்காது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பி.எஃப். போகும், மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் போகும், கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தால் அதுவும் போகும். இதைச் சேரும் முன்னாடியே சொல்லிவிட்டால் முதல் மாதச் சம்பளம் வாங்கிப் பார்த்து ஏமாந்து போன் ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் குறைவார்கள். அவர்கள் பாதியில் வந்துவிட்டால் அடுத்த வருடம் அதே நிறுவனம் உங்கள் கல்லூரிக்கு வர யோசிக்கும், ஆக இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, கம்பெனியே நேரடியாக எடுக்கிற கம்பெனி ரோலா, ஒப்பந்தக்காரர் வழியாக எடுக்கிற கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா என்பது. மூன்றும் மூன்று வாழ்க்கை. அப்ரன்டிஸ் என்றால் 1961ஆம் வருட அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சி, உதவித்தொகைதான் கிடைக்கும், முடிந்ததும் அங்கேயே வேலை தரவேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது, ஆனால் கிடைக்கிற சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இதைத் தெரிந்து சேர்ந்தவன் சந்தோஷமாக முடித்துவிட்டு வருகிறான், தெரியாமல் சேர்ந்தவன் ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று அழுகிறான். மூன்றாவது பஸ். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வரும், நைட் ஷிப்ட் முடித்தவர்களை எங்கே இறக்கிவிடும், பெண்களுக்கு நைட் ஷிப்ட் உண்டா. இந்த ஒரு விவரம் இல்லாததால் மட்டுமே பெண்ணை அனுப்ப மறுத்த வீடுகள் எனக்குத் தெரியும். நிறுவனத்தின் பெருமையை நாலு வரி எழுதுகிற இடத்தில் பஸ் நிறுத்தத்தின் பெயரை எழுதுங்கள்.

ஆந்திர எல்லை என்பதால் எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2019இல் ஆந்திர சட்டமன்றம் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் அந்த மாநிலத்தவருக்கு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அன்றிலிருந்து "தமிழ்நாட்டு ஆதார்னா எடுக்க மாட்டாங்களாம்" என்ற பேச்சு எங்கள் தெருக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பேச்சை நம்பி விண்ணப்பமே போடாத பிள்ளைகளை நான் பார்க்கிறேன். நீங்கள் ஆள் எடுக்கிற நிறுவனத்தின் எச்.ஆர். அதிகாரியிடம் பேசி, எந்த வேலைக்குத் தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்களையும் எடுக்கிறார்கள், தெலுங்கு பேசத் தெரிய வேண்டுமா, படிக்கவும் தெரிய வேண்டுமா என்று கேட்டு, கேட்ட தேதியோடு எழுதுங்கள். ஒரு பிள்ளை எச்.ஆருக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், நீங்கள் செய்தால் எடுப்பார்கள், அதுதான் உங்கள் பதவிக்கு இருக்கிற பலம்.

இப்போது எந்த இடத்தில் போடுவது என்பதற்கு வருகிறேன். பிளேஸ்மென்ட் ஆசிரியர்களுக்கு நடக்கிற பயிற்சிகளில் லிங்க்ட்இன் பற்றித்தான் அதிகம் சொல்லித் தருகிறார்கள் என்று என் கடைக்கு வரும் ஒரு மேடம் சொன்னார். லிங்க்ட்இன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எச்.ஆர். அங்கேதான் இருக்கிறார், உங்கள் கல்லூரியில் படித்து இன்று நல்ல இடத்தில் இருக்கிற பழைய மாணவரும் அங்கேதான் இருக்கிறார், அவர்களைப் பிடிக்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கவும் சொல்லித் தர வேண்டும். ஆனால் ஐடிஐ வெல்டர் பையனும் பி.காம். முடித்து வீட்டில் இருக்கிற பெண்ணும் அங்கே இல்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இருக்கிறார்கள், யூடியூபில் இருக்கிறார்கள். குரூப் 4க்குப் படிக்கிறவர்கள் டெலிகிராமில் நோட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் அவர்கள் அப்பாவும் மாமாவும் இருக்கிறார்கள், பெண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான், அதனால் அதையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஐந்து இடத்திலும் கடையைத் திறந்துவிட்டு ஐந்திலும் ஆள் இல்லாமல் போவதைவிட, வாட்ஸ்அப் ஒன்றை முதலில் ஒழுங்காக நடத்துங்கள்.

அதிலும் குரூப் வேண்டாம், சேனல் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குரூப்பில் 1,024 பேர்தான் சேர முடியும், அதில் இருக்கிற எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். வேலைவாய்ப்பு குரூப்பில் சேர்ந்த மறுவாரமே முகம் தெரியாத நம்பரிலிருந்து "ஹாய்" வர ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போன பெண்கள் உண்டு, ஏஜென்ட்டுகள் குரூப்பில் சேர்ந்து நம்பர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியில் சேர்ந்தவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், நீங்கள் மட்டும்தான் பதிவு போட முடியும், குட் மார்னிங் படங்கள் வராது. கேள்வி கேட்பதற்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர் வைத்து, அதைச் சேனலிலேயே போட்டுவிடுங்கள். அடிக்கடி வருகிற கேள்விக்கான பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்துக்கொண்டு ஒரே தட்டில் அனுப்பும் வசதி அதில் இருக்கிறது, கேட்டவர்களை ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி என்று லேபிள் போட்டுப் பிரித்து வைக்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூப்பு கெடாமல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது எப்படி, வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு என்ன சான்று வேண்டும் என்று உங்கள் கவுன்ட்டரில் தினமும் வாய் வலிக்கச் சொல்கிற பதில்களை ஒரு முறை நல்ல தமிழில் எழுதி வைத்தால் போதும்.

நம்பர் யாருடையது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பிளேஸ்மென்ட் ஆசிரியர் தன் சொந்த நம்பரிலேயே பக்கத்தைத் தொடங்குவார், நன்றாக நடத்துவார், அவர் வேறு கல்லூரிக்குப் போனதும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும், புதிதாக வந்தவர் இன்னொரு பக்கம் தொடங்குவார். பழையதும் அப்படியே கிடக்கும், பிள்ளைகள் பழையதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலுவலகத்தின் பெயரில் ஒரு சிம், அலுவலகத்தின் மின்னஞ்சல், குறைந்தது இரண்டு பேருக்கு அட்மின் உரிமை, மாறுதல் ஆகும்போது சாவி ஒப்படைப்பதோடு இதையும் எழுத்தில் ஒப்படைப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், பி.காம். முடித்தவள், ஆஃபர் லெட்டர் பிரின்ட் எடுக்க வந்தாள். பிரின்ட் வந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. லோகோ பெரிதாக இருந்தது, கம்பெனி பெயரிலேயே ஒரு எழுத்து பிசகியிருந்தது, அனுப்பிய மின்னஞ்சல் ஜிமெயில். "ஏம்மா, பணம் ஏதாவது கேட்டாங்களா?" என்றேன். "யூனிஃபார்முக்கும் ஐடி கார்டுக்கும் கேட்டாங்கக்கா, கட்டிட்டேன்" என்றாள். இரண்டு தவணையாக ஜிபே செய்திருக்கிறாள், வீட்டில் சொல்லவில்லை. அவள் படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் பக்கத்தைப் போனில் திறந்து காட்டினாள். கடைசிப் பதிவு பொங்கல் வாழ்த்து. அதன் கீழே கமென்ட்டில், பணம் கட்டுவதற்கு முன்பே, "சார் இந்த கம்பெனி ஆஃபர் உண்மையா" என்று இவளே கேட்டிருக்கிறாள். ஒருவரும் பதில் போடவில்லை. 1930க்கு உடனே போன் செய்ய வைத்தேன், இணையக் குற்றப் புகாருக்கான அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவளுடைய கேள்விக்கு "இல்லை, பணம் கட்டாதே" என்று மூன்று வார்த்தை பதில் அன்றே வந்திருந்தால் புகாரே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை, அந்த ஆசிரியருக்கு வகுப்பும் இருக்கிறது, தேர்வுத்தாளும் இருக்கிறது, பிளேஸ்மென்ட் அவருக்குக் கூடுதல் சுமை என்பது எனக்கும் தெரியும். நிர்வாகம்தான் இதற்கென்று ஒருவருக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே வாரத்துக்கு ஒரு நாளாவது, சுற்றுகிற போலி அறிவிப்புகளை எடுத்து, சிவப்புக் கோடு போட்டு "இது பொய்" என்று காரணத்தோடு பதிவு போடுங்கள். பிள்ளைகளையே அனுப்பச் சொன்னால் கொட்டுவார்கள். வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி வதைக்கப்பட்டு, பிறகு மீட்டுக் கொண்டுவரப்பட்டதை உங்கள் நாளிதழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அப்படிப்பட்ட ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. இந்த விவரங்கள் எந்தக் கல்லூரிப் பக்கத்தில் இருக்கின்றன? ஒன்றிரண்டு லட்சம் கடன் வாங்கி ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முந்தின இரவு ஒரு அப்பா தேடிப் பார்க்கிற இடத்தில் அல்லவா இது இருக்க வேண்டும்?

போலிக்கு நாமே தீனி போடுவதும் நிற்க வேண்டும். தேர்வானவர்கள் பட்டியல் என்று பெயர், படம், பதிவு எண், சில இடங்களில் போன் நம்பர், சம்பளம் வரை ஒரே பிடிஎஃப்பில் போட்டுவிடுகிறார்கள். மோசடிக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "உங்கள் கல்லூரியிலிருந்து தேர்வான உங்களுக்கு மெடிக்கல் செக்கப் கட்டணம்" என்று அவன் பெயர் சொல்லி அழைக்கும்போது பிள்ளை நம்பத்தான் செய்யும். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. படம் போடலாமா, சம்பளம் சொல்லலாமா என்று பிள்ளையிடம் எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நம்பரை எந்தக் காலத்திலும் போடாதீர்கள்.

வாழ்த்துப் போஸ்டருக்குப் பதிலாக என்ன போடுவது என்று கேட்பீர்கள். அண்மையில் ஒரு பையனின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன், ஒரு நிமிடம்கூட இல்லை. ஆரம்பாக்கத்துப் பெண், ஆலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாள். காலை ஷிப்ட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு வரும், உள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், முதல் இரண்டு வாரம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் கால் வீங்கியது, பிறகு பழகிவிட்டது, சூப்பர்வைசர் தெலுங்கில் சொல்வார், பக்கத்து லைன் அக்கா தமிழில் சொல்லித் தருவார், முதல் சம்பளத்தில் தம்பிக்குச் சைக்கிள் வாங்கினேன். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையனின் தங்கை விண்ணப்பம் போட என் கடைக்கு வந்தாள். இதை எடுத்தது எந்த அலுவலகமும் இல்லை, அந்தப் பெண் தானாகவே ரீல்ஸ் போட்டிருக்கிறாள். உங்கள் பழைய மாணவர்களிடம் கேட்டால் இப்படி எத்தனையோ கிடைக்கும், ஆலைக்குள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், அதனால் வேலை போகும். எங்கள் பக்கத்துக்குத் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று இரண்டாகவே எடுக்கலாம், படிக்கத் தயங்குகிற அம்மாக்களுக்குக் குரல் பதிவாகவே அனுப்பலாம்.

நேரமும் முக்கியம். அலுவலக நேரத்தில் காலை 11 மணிக்குப் போடுகிற பதிவை ஷிப்ட்டில் இருக்கிறவன் பார்க்க முடியாது, வகுப்பில் இருக்கிறவள் பார்க்கக் கூடாது. இரவு சாப்பாடு முடிந்த நேரம்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, முன்கூட்டியே எழுதி வைத்து நேரம் குறித்துத் தானாகப் போகச் செய்யும் வசதி ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறது. வருடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது என்ன படிக்கலாம், ஐடிஐ சேர்க்கை எப்போது என்ற கேள்வி, டிஎன்பிஎஸ்சி வருடாந்திர அட்டவணை வெளியிட்டதும் எந்தத் தேர்வுக்கு யார் தகுதி என்ற கேள்வி, கடைசி செமஸ்டரில் நேர்முகத் தேர்வு பயம். இது எல்லா வருடமும் வருவதுதான், ஜனவரியில் உட்கார்ந்து ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாவட்ட மையத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் நடக்கிறது, இலவச வகுப்பு, புத்தகம் எல்லாம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போய்வர அரை நாள் ஆகும் என்பதால் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத பட்டதாரிகள் இங்கே இருக்கிறார்கள். அந்த வகுப்பை யூடியூபில் நேரலையாக விட்டால் எளாவூரில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளம், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள், இவையும் அப்படித்தான், திட்டம் இருக்கிறது, அதில் எப்படி உள்ளே நுழைவது என்று ஒவ்வொரு திரையாகக் காட்டுகிற சின்ன வீடியோவை உள்ளூர் அலுவலகம் போட்டால்தான் எங்கள் பிள்ளைகள் நம்பித் தொடுகிறார்கள்.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை லைக், எத்தனை ஃபாலோயர் என்று கீழே இருக்கிறவர்களிடம் கணக்குக் கேட்காதீர்கள், கேட்டால் அவர்கள் வாழ்த்துப் படம்தான் போடுவார்கள், அதற்குத்தான் லைக் விழும். முகாம் நடக்கிற இடத்தில் பெயர் பதிகிற நோட்டில் "இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒரு கட்டம் சேருங்கள். சேனலா, நண்பன் அனுப்பியதா, செய்தித்தாளா, ஏஜென்ட்டா என்று டிக் அடிக்கட்டும். மாதக் கடைசியில் அதைக் கூட்டிப் பார்த்தால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். வந்த கேள்வி எத்தனை, ஒரே நாளில் பதில் சொன்னது எத்தனை என்பதையும் கேளுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு முறை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக, அந்த வாரம் மாவட்ட மையமும் கல்லூரிகளும் சரிபார்த்துச் சொன்ன வேலை அறிவிப்புகளையும் சிக்கிய போலிகளையும் போடுங்கள், பக்கத்திலேயே அவர்களின் உண்மையான சேனலுக்கான க்யூஆர் கோடு இருக்கட்டும். திருவள்ளூர் மையமும் இங்குள்ள கல்லூரிகளும் சேர்ந்து அந்தச் சேனலைத் தொடங்கினால் க்யூஆர் கோடை ஏ4 பேப்பரில் அச்சடித்து லேமினேஷன் செய்யும் செலவு என்னுடையது. ஆரம்பாக்கம், எளாவூர், மாதர்பாக்கம், கவரைப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரர்களிடமும் இ-சேவை மையத்தாரிடமும் பேசிவிட்டேன், சுவரில் ஒட்ட இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கும்மிடிப்பூண்டி.